துடைத்துக் கெட்ட திரைகள்

பினாங்கில் டத்தோ கெராமட் சாலைப் பக்கம் சின்னதாக ஒரு கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கீழே விழுந்து உடைந்த லேப்டாப் வந்தால் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. விழுந்தால் உடையத்தான் செய்யும். துடைக்கப் போய்க் கெட்டுப்போன திரை வரும்போதுதான் மனசு கேட்பதில்லை. ஏனென்றால் அதைக் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் பொருளை அக்கறையாக வைத்துக்கொள்கிறவர்கள். அக்கறை இல்லாதவன் துடைப்பதே இல்லை. அவன் லேப்டாப்பில் தூசி அப்பிக் கிடக்கும், எழுத்து மங்கித் தெரியும், ஆனால் அடியில் திரை புதுசாகவே இருக்கும்.

பள்ளி விடுமுறையில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை வந்தார்.

"தம்பி, ஸ்கிரீன் நடுவுல புகை மூட்டின மாதிரி இருக்கு. எவ்வளவு தொடச்சாலும் போகமாட்டேங்குது."

லேப்டாப்பை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சைத் திரையின் ஓரத்திலிருந்து சாய்த்து அடித்துப் பார்த்தேன். நடுவில் வட்டம் வட்டமாகக் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, முடியைவிட மெல்லியவை. நான்கு மூலையும் வாங்கிய அன்று இருந்தபடியே மினுமினுப்பு இல்லாமல் இருந்தன. நடுப்பகுதி மட்டும் லேசாகப் பளபளத்தது.

"எதுல தொடைப்பீங்க டீச்சர்?"

"டிஷ்யூதான். தினம் காலையில வகுப்புக்கு முன்னாடி ஒரு தடவ தொடச்சிருவேன். சுத்தமா இருக்கணும்ல."

அவர் சொன்ன பிறகு பார்த்தால், கை போன வழி முழுக்க அந்தத் திரையில் பதிவாகியிருந்தது. நடுவில் தொடங்கி வெளியே சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். மூலைவரை கை போகவில்லை, அதனால் மூலை தப்பித்தது. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று மகன் சொன்னானாம். நல்லவேளை, அதற்கு முன் என்னிடம் வந்தார். டூத்பேஸ்டில் பல்லைத் தேய்ப்பதற்கென்றே சிலிக்கா, சுண்ணாம்புத்தூள் மாதிரி நறநறக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். ஏற்கெனவே தேய்ந்த இடத்தில் அதைப் போடுவது இன்னொரு தடவை தேய்ப்பதுதான். அந்தப் புகைமூட்டம் அழுக்கு இல்லை என்பதை டீச்சருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அழுக்கு என்றால் எடுக்கலாம். இது மேல்பரப்பே தேய்ந்துபோன இடம்.

லேப்டாப் திரை என்றால் கண்ணாடி என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். ஜன்னலைத் துடைக்கிற கை அப்படியே இங்கேயும் வந்துவிடுகிறது. உள்ளே கண்ணாடி இருப்பது உண்மைதான், இரண்டு மெல்லிய தகடுகள், நடுவில் திரவப் படிகம். ஆனால் பளபளப்பு இல்லாத சாதாரண லேப்டாப்பில் உங்கள் விரல் தொடுவது அந்தக் கண்ணாடியை இல்லை. அதன்மேல் ஒட்டியிருக்கும் போலரைசர் என்ற பிளாஸ்டிக் படலத்தைத்தான் தொடுகிறீர்கள். வெளிச்சம் நேராகத் திரும்பிக் கண்ணில் அடிக்காமல் சிதறட்டும் என்று அதன் மேல்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சொரசொரப்பாக்கிக் கெட்டியான பூச்சு ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். திரையின் பேனலை, அதாவது படம் காட்டும் தகட்டை, தயாரிப்பவர்களின் விவரத்தாளில் இந்தப் பூச்சின் கடினத்தைப் பென்சில் அளவில் போட்டிருப்பார்கள், பல பேனல்களில் 3எச் என்று இருக்கும். பென்சிலை வைத்துக் கீறிப் பார்த்து அளக்கிற ஒரு பொருள் எவ்வளவு தாங்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தெருத்தூசியில் இருக்கும் மணல் குவார்ட்ஸ், தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவில் 7. சாதாரணக் கண்ணாடியே 5.5, 6 என்ற அளவில்தான் நிற்கும். அப்படியிருக்க பிளாஸ்டிக் எங்கே? டீச்சர் திரையைக் கீறியதில் டிஷ்யூவுக்குப் பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு அந்த டிஷ்யூ இழுத்துக்கொண்டு போன மணலுக்கு.

பளபளப்பான திரை வேறு ரகம். பெரும்பாலான தொடுதிரை லேப்டாப்புகளிலும் மேக்புக்குகளிலும் வெளியே இருப்பது கண்ணாடியேதான். ஓலெட் திரைகளிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் வெறும் கண்ணாடி இல்லை. பிரதிபலிப்பைக் குறைக்க ஒரு பூச்சு, தொடுதிரையாக இருந்தால் விரல் எண்ணெய் ஒட்டாமலிருக்க ஒரு பூச்சு. கண்ணாடி கீறாவிட்டாலும் பூச்சு தேயும், உரியும். ஆப்பிளின் ரெட்டினா மேக்புக் சிலவற்றில் பூச்சு திட்டுத்திட்டாக உரிய ஆரம்பித்து, 2015-இல் அந்த நிறுவனமே பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசமாகத் திரை மாற்றித் தர வேண்டியதாகிவிட்டது. உங்களுடையது எந்த ரகம் என்று தெரியவில்லையா? அணைத்துவிட்டு விளக்குக்கு நேரே காட்டுங்கள். விளக்கின் வடிவம் கூர்மையாகத் தெரிந்தால் பளபளப்பு ரகம். வெறும் வெள்ளைப் பரவலாகத் தெரிந்தால் பிளாஸ்டிக் மேல்பரப்பு. பின்னதை இன்னும் மென்மையாகக் கையாள வேண்டும்.

எதுவாக இருந்தாலும் முதலில் மணலை அகற்ற வேண்டும், அதுவும் துணி படாமல். நம் ஊர்த் தூசியில் எல்லாம் கலந்திருக்கிறது. எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி கட்டுகிறார்கள், அந்தச் சிமெண்டுத் தூள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் அதன் சாம்பல். கடலோரம் தஞ்சோங் தோக்கோங் பக்கம் ஜன்னலைத் திறந்துவைத்தே வாழ்பவர்கள் வீட்டில் உப்புக் காற்று. 2019 செப்டம்பரில் காட்டுத்தீப் புகைமூட்டம் வந்தபோது திரைகளில் படிந்தது மெல்லிய கரிப்படலம், தொட்டால் விரலில் ஒட்டியது.

கேமரா கடைகளில் ரப்பர் பந்து மாதிரி ஒரு ஊதுகுழல் விற்பார்கள், கையால் அமுக்கினால் காற்று வரும். அது ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வருஷக்கணக்கில் உழைக்கும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், பிறகு அந்தப் புள்ளிகளைத் துடைக்க வேண்டிவரும். டப்பாவில் அடைத்த காற்று பயன்படுத்தினால் டப்பாவை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும், கிட்டே கொண்டுபோகக் கூடாது. சாய்த்தால் உள்ளே இருக்கும் திரவம் அப்படியே வெளியே வந்து திரையில் பனிபோலப் படியும். அந்தச் சில்லிப்பு பூச்சுக்கு நல்லதில்லை. தூசி பறந்து கீழே விசைப்பலகையில் விழாமல் இருக்க, லேப்டாப்பைத் தலைகீழாக, கூடாரம் போட்டதுபோல் நிறுத்தி வைத்து ஊதுவது என் பழக்கம். இந்தக் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டாலே வாரத்தில் பல நாள் போதும். திரையில் இருப்பது பெரும்பாலும் தூசி மட்டும்தான். அதைத் துடைக்க வேண்டிய அவசியமே இல்லை.

துடைக்கிற விதத்தை நான் கற்றது என் அக்காவிடம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு போகிற தூய்மை அறையில் நீண்ட காலம் வேலை செய்தவர். எங்கள் தலைமுறையில் பினாங்குத் தமிழ்க் குடும்பம் ஒன்றை எடுத்தால், அந்தப் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போன ஒரு அக்காவோ சித்தியோ இருப்பார்கள். வீட்டுக் கண்ணாடி மேசையை அவர் துடைப்பதைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். துணியை இரண்டாக மடிப்பார், மறுபடி இரண்டாக மடிப்பார். மேலிருந்து ஒரு இழுப்பு, இடமிருந்து வலமாக. கையைத் தூக்குவார். முதல் இழுப்பின் ஓரத்தைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டு அதே திசையில் அடுத்த இழுப்பு. திரும்பி வருவதே கிடையாது, சுற்றுவதும் கிடையாது. சில இழுப்புகள் ஆனதும் துணியைத் திருப்பி மடித்து இன்னொரு முகம். நான்காக மடித்த துணியில், மாற்றி மாற்றி மடித்தால் எட்டு முகம் கிடைக்கும்.

"தொடச்ச எடத்துக்கு அழுக்கத் திரும்பக் கொண்டுபோவாத. அவ்வளவுதான்டா விஷயம்," என்பார்.

திரைக்கும் இதே கணக்குதான். வட்டமாகத் துடைக்கும்போது முதல் சுற்றில் எடுத்த தூளை அடுத்த சுற்றில் அதே இடத்தில் தேய்க்கிறீர்கள். ஒரே திசையில் போனால், தப்பிய ஒரு மணல் துகள் ஒரு கோட்டோடு போய்விடும். சுத்தமான பகுதியில் தொடங்கி அழுக்கான பகுதியில் முடிப்பதும் அக்கா வழக்கம். லேப்டாப்பில் அழுக்கு பெரும்பாலும் கீழ்ப்பகுதியில், விசைப்பலகைக்குப் பக்கத்தில் இருக்கும். ஆகவே மேலிருந்து கீழே.

அழுத்தம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விரல் நுனியால் அமுக்காமல் நான்கு விரலையும் தட்டையாக வைத்தால் பாரம் பரவும். இன்னொரு கையின் உள்ளங்கையால் மூடியின் பின்பக்கத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். இப்போது வருகிற மூடிகள் அவ்வளவு மெல்லியவை, தாங்காமல் தள்ளினால் கீல் பக்கம் வளைகிறது. எவ்வளவு அழுத்தலாம் என்று கேட்பவர்களிடம், திரை ஓடும்போது விரலால் லேசாகத் தொட்டால் நிறம் அலையடிக்கிறதா, அந்த அளவே அதிகம் என்று சொல்வேன். ஆனால் துடைப்பது எப்போதும் அணைத்த பிறகு, சார்ஜரைக் கழற்றிய பிறகு. கறுப்பில்தான் அழுக்கு தெரியும். சூடான திரையில் ஈரம் பட்டவுடன் காய்ந்து கோடு விழும். தொடுதிரையாக இருந்தால் துணி பட்டு எதையாவது அழுத்தி யாருக்காவது வாட்ஸ்அப் போய்விடும். ஒரு வாடிக்கையாளருக்கு நடந்தது, யாருக்குப் போனது என்று அவர் சொல்லவில்லை.

துணி மைக்ரோஃபைபராக இருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடி வாங்கும்போது கொடுக்கிற துணி போதும், மெல்லியது, நல்லது. கார் துடைக்க விற்கும் பூப்பூவான துணியில் ஓரத்தில் தைத்திருக்கும் நூலும் விலைச்சீட்டும் முரடாக இருக்கும், வெட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். பாலியெஸ்டரும் பாலியமைடும் சேர்ந்த இழையைப் பிளந்து செய்வதால் அதன் இடுக்குகளில் எண்ணெயும் தூளும் போய் ஒட்டிக்கொள்ளும். பழைய சட்டை, கைலி, கைக்குட்டை இதெல்லாம் அழுக்கைத் தள்ளிக்கொண்டே போகும்.

காய்ந்த துணியில் போகாத கறைக்குத்தான் ஈரம். மேசையில் தே தாரேக் என்ற இழுத்து ஆற்றும் தேநீரை ஆற்றினால் தெறிக்கும், மைலோ தெறிக்கும், தும்மினால் தெறிக்கும். ஈரத்தைத் துணிக்குக் கொடுங்கள், திரைக்குக் கொடுக்காதீர்கள். இந்த ஒன்றைத்தான் வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன். துணியின் ஒரு மூலையை நனைத்து, முறுக்கிப் பிழிந்து, கையில் தேய்த்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், நீர் தெரியக் கூடாது.

ஏன் இவ்வளவு பயப்படுத்துகிறேன் என்றால், ஸ்பிரே அடித்த திரைகளைக் கழற்றிப் பார்க்கிறவன் நான். அடித்த திரவம் கீழே வழிந்து சட்டத்துக்கும் பேனலுக்கும் நடுவில் இறங்கும். அங்கே, கீழ் விளிம்பு நெடுக ஒரு மெல்லிய நீளமான சர்க்யூட் போர்டு உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து கண்ணாடிக்குப் போகிற மெல்லிய படல நாடாக்களில் சின்னச் சின்ன சிப்புகள். கழற்றும்போது அந்த நாடாவின் ஓரத்தில் பச்சை பூத்திருந்தால் எனக்குக் கதை புரிந்துவிடும். திரையில் மேலிருந்து கீழ்வரை கோடு விழுந்திருக்கும், அல்லது ஒரு பட்டை முழுக்கச் செத்திருக்கும். அந்த நாடாவை ஒட்டிச் சரிசெய்வது சின்னக் கடைகளில் நடக்காத காரியம், பேனலையே மாற்ற வேண்டும். சில சமயம் திரவம் போர்டுக்குப் போகாமல் பின்னால் இருக்கும் வெளிச்சம் பரப்பும் தாள்களுக்கு நடுவில் ஏறிவிடும். வெள்ளைப் பக்கம் திறந்தால் மட்டும் ஓரத்திலிருந்து மங்கலான திட்டு ஒன்று தெரியும். கணினி நன்றாக ஓடும். திட்டு மட்டும் போகாது.

எந்தத் தண்ணீர் என்றும் கேட்பார்கள். காய்ச்சி வடித்த தண்ணீர் மருந்தகத்தில் கிடைக்கும். ரோட்டோர இயந்திரத்தில் சென் காசு போட்டுப் பிடிக்கிற வடிகட்டிய தண்ணீரும் பரவாயில்லை. காய்ச்சிய தண்ணீர் சுத்தம்தானே என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது, காய்ந்த பிறகு புள்ளி விழும். பெட்ரோல் நிலையத்தில் ஆயர் பத்தேரி, அதாவது பேட்டரித் தண்ணீர், என்று விற்பதும் உப்பு நீக்கிய தண்ணீர்தான், ஆனால் கார் கடைகளில் பேட்டரிக்கு ஊற்றும் அமிலமும் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். சீட்டைப் படிக்காமல் எடுக்கிற ஆளாக இருந்தால் மருந்தகத்துக்கே போய்விடுங்கள்.

காய்ந்த கறையை நகத்தால் சுரண்டாதீர்கள். பிழிந்த ஈரத்துணியை அதன்மேல் அரை நிமிடம் சும்மா வைத்திருந்தால் ஊறிவிடும். பிறகு ஒரு இழுப்பு, உடனே காய்ந்த துணியால் இன்னொரு இழுப்பு. அடுப்படியில் லேப்டாப்பை வைத்துச் சமையல் காணொளி பார்க்கிறவர்கள் திரையில் தாளிப்பின் எண்ணெய் ஆவி படிந்திருக்கும், அதற்கு வெறும் தண்ணீர் ஆகாது. ஒரு குவளைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப் ஒரே ஒரு சொட்டு, அதில் நனைத்துப் பிழிந்து துடைத்து, பிறகு வெறும் ஈரத்துணியால் சோப்பை எடுத்துவிட வேண்டும்.

ரசாயனப் பக்கம் வருவோம். ஜன்னல் துடைக்கிற நீலத் திரவத்தில் பலவற்றில் அமோனியா இருக்கும், அது பூச்சையும் பிளாஸ்டிக்கையும் மங்கவைக்கும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன், தின்னர், பிளீச் எல்லாம் பேச்சுக்கே இடமில்லை. நம் வீடுகளில் இன்னொன்று உண்டு, தைலம். ஒட்டுச்சீட்டின் பசை போக யூகலிப்டஸ் தைலம் தடவுவது எல்லாருக்கும் தெரிந்த வித்தை, மூடியின் வெளிப்புறத்துக்குச் சரி. பாலிக் பூலாவிலிருந்து வரும் ஜாதிக்காய் தைலத்தைத் திரையிலேயே தடவிக் கொண்டுவந்தார் ஒரு பாட்டையா. மூட்டுவலிக்கே கேட்கும்போது இதுக்குக் கேட்காதா என்ற நம்பிக்கை. திரை எண்ணெய் குடித்துப் பல வண்ணம் காட்டியது. சோப்புத் தண்ணீரில் முக்கால்வாசி போனது. கடையில் வாசம் மட்டும் ரொம்ப நாள் நின்றது, அது நல்ல வாசம்தான்.

கொரோனாவுக்காக 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்த காலத்தில் எல்லாரும் கைதூய்மியால், அதாவது சானிட்டைசரால், லேப்டாப்பைத் துடைத்தார்கள். கட்டுப்பாடு தளர்ந்து கடையைத் திறந்ததும் பிசுபிசுத்த திரைகளாக வந்தன. கைதூய்மியில் இருப்பது சாராயம் மட்டும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் கொடுத்த செய்முறையிலேயே தோல் வறளாமல் இருக்க 1.45 விழுக்காடு கிளிசரால் உண்டு, 0.125 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டு. சாராயம் பறந்துவிடும், கிளிசரால் தங்கும், தங்கி அடுத்த தூசியைப் பிடித்துவைக்கும். ஜெல்லாக இருந்தால் அதைக் கெட்டியாக்கச் சேர்த்த பொருளும் தங்கும்.

கிருமி போக வேண்டும் என்றால் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் இருக்கிறது. 70 விழுக்காடு ஐசோப்ரோபைல் கலந்த துடைப்பானால் திரையை மென்மையாகத் துடைக்கலாம் என்று ஆப்பிள் தன் வழிகாட்டியில் சொல்கிறது. பிளீச், ஹைட்ரஜன் பெராக்சைடு கூடாது என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. நானோ டெக்ஸ்சர் என்ற சிறப்புக் கண்ணாடி வாங்கியவர்கள் உடன் வரும் துணியைத்தான் பயன்படுத்த வேண்டும். உங்கள் லேப்டாப் வேறு நிறுவனம் என்றால் அதன் கையேட்டில் பாருங்கள், இரண்டு வரி இருக்கும். என் கணிப்பு இது: கண்ணாடித் திரைக்கு எப்போதாவது 70 விழுக்காடு, துணியில் கொஞ்சமாக. பிளாஸ்டிக் மேல்பரப்புக்குத் தண்ணீரே போதும். கடையில் 99 விழுக்காடு வைத்திருக்கிறேன், அது போர்டு கழுவ. அந்தப் புட்டியைத் திரைப் பக்கம் கொண்டுபோவதே இல்லை.

இனி, வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் வருகிற சமாச்சாரம். சரஸ்வதி பூசை முடிந்த வாரம், சந்தனமும் குங்குமமும் வைத்த லேப்டாப்புகள். பிள்ளைகளின் புத்தகத்தோடு லேப்டாப்பையும் சாமி முன்னால் வைப்பார்கள். பாட்டி பொட்டு வைக்கும்போது மூடி திறந்திருந்தால் நேரே திரையின் நெற்றியில் வைத்துவிடுவார். பூசை முடிந்ததும் அம்மா பதறிப்போய் விரலால் வழித்துவிடுவார், அங்கேதான் வினை. காய்ந்த சந்தனம் தூள்தூளாக உதிரும், அதைத் தேய்த்தால் கீறல். குங்குமத்தை வழித்தால் திரையின் சொரசொரப்புக்குள் சாயம் இறங்கும். மஞ்சளில் செய்த குங்குமம் பிளாஸ்டிக்கை எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று சாம்பார் வைத்த டப்பாவைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வழிக்காமல் அப்படியே கொண்டுவந்தால் முக்கால்வாசி வேலை மிச்சம். முதலில் ஊதுகுழலால் தளர்ந்த தூளை ஊதி எடுப்பேன். பிறகு பிழிந்த ஈரத்துணியைச் சின்னதாக மடித்துப் பொட்டின்மேல் வைத்து, பக்கவாட்டில் அசைக்காமல், காத்திருந்து நேரே மேலே எடுப்பேன். துணியில் செம்பொட்டு அச்சாக வந்திருக்கும். முகத்தை மாற்றி மறுபடி வைப்பேன், எடுப்பேன். துணியில் நிறம் வருவது நிற்கும் வரைக்கும் இதேதான், இழுப்பு என்ற பேச்சே இல்லை. நிறம் நின்ற பிறகுதான் ஒரே திசையில் துடைப்பது. பொறுமையாகச் செய்தால் பளபளப்புத் திரையில் ஒன்றும் மிஞ்சாது. பிளாஸ்டிக் ரகத்தில் சில சமயம் ரோஜா நிறத்தில் லேசான நிழல் நிற்கும், கறுப்பில் பார்த்தால்தான் தெரியும். அதை எடுக்கிறேன் என்று மேலும் தேய்த்தால் நிழல் போய்த் தேய்மானம் வரும்.

பாட்டியிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. லேப்டாப்பை மூடி வைத்துவிடுங்கள். மூடியின் மேல் வைத்த பொட்டையும் சரஸ்வதி ஏற்றுக்கொள்வாள்.

துடைத்தால் போகாத இன்னொன்று, உள்ளே நகரும் புள்ளி. நம் ஊர்ச் சின்ன எறும்புக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கும் திரை வெளிச்சம் பிடிக்கும், சட்ட இடுக்கில் புகுந்து வெளிச்சத் தாள்களுக்கு நடுவில் போய்விடும். கோபத்தில் விரலால் அமுக்கினால் பூச்சி அங்கேயே செத்து நிரந்தரப் புள்ளியாகிவிடும். அமுக்காமல் லேப்டாப்பை அணைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு மேசை விளக்கை எரியவிட்டு இரவு அப்படியே விடுங்கள். வந்த வழியே வெளியே போய்விட வாய்ப்பு உண்டு.

துணியைத் துவைப்பது பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. அழுக்கான மைக்ரோஃபைபர் டிஷ்யூவைவிட மோசம், பிடித்த மணலை எல்லாம் இடுக்கில் வைத்திருக்கும். தனியாக, கொஞ்சம் சோப்பில் கையால் அலசுங்கள். துணி மணக்கவும் மென்மையாகவும் ஊற்றுகிற மென்மையாக்கி வேண்டாம். அது இழையில் மெழுகுபோலப் படிந்து பிறகு திரைக்கு வரும், எவ்வளவு துடைத்தாலும் கோடு கோடாக நிற்கும். நன்றாகக் காயவைத்து மூடுகிற பையில் போட்டுவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அரைகுறையாகக் காய்ந்த துணியைப் பைக்குள் வைத்தால் பூசணம் பூத்துவிடும்.

கடைசியாக, விசைகளின் வடிவத்தில் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும் அச்சு. மாணவர்களின் லேப்டாப்புகளில் இதுதான் அதிகம். விரல் எண்ணெய் விசையில் ஏறி, மூடும்போது திரைக்குப் போகிறது. பையில் புத்தகங்களுக்கு நடுவில் நசுங்கி, மோட்டார் சைக்கிள் குலுங்கும்போதெல்லாம் விசை திரையில் உரசுகிறது. தொடக்கத்தில் அது எண்ணெய் மட்டும், ஈரத்துணிக்குப் போகும். மாதக்கணக்கில் விட்டால் உரசல் ஆகிவிடும், அப்புறம் போகாது. ஆகவே விசைப்பலகையைத் துடைப்பதும் திரையைத் துடைப்பதில் சேர்த்திதான், வேறு துணியால். நடுவில் மெல்லிய துணி விரித்து மூடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதைவிடப் பையில் லேப்டாப்பை முதுகுப் பக்கம் தனி அறையில் வைப்பது மேல். கேமராவை மறைக்க ஒட்டுகிற தடித்த மூடிகளும் இந்தக் கணக்கில் வரும். மேக்புக்கை மூடும்போது அப்படி எதுவும் இருக்கக் கூடாது, இருந்தே ஆக வேண்டுமென்றால் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் கூடாது என்று ஆப்பிள் 2020-இலேயே எச்சரித்தது, அது ஒரு சாதாரணத் தாளின் தடிமன். மூடிய லேப்டாப்பில் அந்த ஒரு புள்ளியில்தான் மொத்த அழுத்தமும் போகும், கண்ணாடி அங்கிருந்துதான் விரியும். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் கேமராவுக்குப் பக்கத்தில் நகர்த்துகிற சின்ன மூடி உள்ளேயே வருகிறது. மேல் விளிம்பை நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். அது இருப்பதே தெரியாமல் அதன்மேல் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கியதை ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய.